உப்புச் சேற்றுப் போத்தலில் நாங்கள் விட்ட பிழைகள்

புத்தளம் உப்பளப் பக்கம் போய்வந்த மாணவன் ஒருவன் பிளாஸ்டிக் போத்தலில் சேறு அள்ளி வந்திருந்தான். உப்பை விரும்பி, ஒட்சிசன் இல்லாமல் வாழும் சல்பேற்றுத் தாழ்த்தும் பற்றீரியாவை வளர்க்கலாம் என்று உசுப்பிவிட்டது நான்தான். மூன்று கிழமை கழித்து வந்து, "ஒண்ணுமே நடக்கல சேர், வீசிறவா?" என்றான்.

முதல் பிழையே அந்த அவசரம். எங்கள் மலைநாட்டு ஹட்டன் குளிரில் இந்தப் பற்றீரியா மெதுவாகத்தான் வளரும். செனகலின் ரெட்பா உப்பேரிச் சேற்றில் பிடித்த டிசல்போஹலோபியம் என்ற இதே வகைப் பற்றீரியா நன்றாக வளர்வது 37 முதல் 40 பாகை செல்சியசில். போத்தலை அடுப்படித் தட்டுக்கு மாற்றச் சொன்னேன்.

தினமும் மூடியைத் திறந்து, குலுக்கிப் பார்த்ததாகவும் சொன்னான். குலுக்கக் குலுக்க ஒட்சிசன் கரையும். சும்மா விட்டாலே போதும், சேற்றிலுள்ள மற்ற நுண்ணுயிர்கள் இருக்கிற ஒட்சிசனைத் தின்று தீர்த்துவிடும்.

மூன்றாவது பிழையைப் பலரும் விடுகிறார்கள்: கடை உப்பைக் கொட்டினால் போதும் என்று நினைப்பது. கறியுப்பு சோடியம் குளோரைட்டு. அதில் சல்பேற்று இல்லை என்றே சொல்லலாம். நமக்கு ஒட்சிசன் எப்படியோ, இந்தப் பற்றீரியாவுக்குச் சல்பேற்று அப்படி. அதைக் கொண்டுதான் மூச்சுவிடுகிறது. கடல்நீர் ஒரு லீற்றரில் சுமார் 2.7 கிராம் சல்பேற்று உண்டு. ஆகவே உப்போடு உரக்கடை எப்சம் உப்பும் (மக்னீசியம் சல்பேற்று) கொஞ்சம் போட வேண்டும். 'தாழ்த்தல்' என்பதைக் 'குறைத்தல்' என்று படிக்கும் பிள்ளைகளும் உண்டு. அளவு குறைவதல்ல விஷயம். ஒரு சல்பேற்று எட்டு இலத்திரன்களை வாங்கி ஐதரசன் சல்பைட்டாக மாறுகிறது.

உணவாக வினாகிரி ஊற்றியது என் யோசனை. வெட்கமாகத்தான் இருக்கிறது. டிசல்போஹலோபியம் இலற்றிக் அமிலத்தைத் தின்று அசற்றிக் அமிலத்தைக் கழிவாக விடும் ஜாதி. வினாகிரியில் இருப்பதும் அதே அசற்றிக் அமிலம்தான். கழிவையே சாப்பாடாக வைத்தால் என்ன செய்யும்? காரணமும் உண்டு. உப்பு கூடிய நீரில் உடல் சுருங்காமலிருக்கவே நிறையச் சக்தி செலவாகும். அசற்றிக் அமிலத்தை எரித்து வரும் சொற்பச் சக்தி அந்தச் செலவுக்குக் காணாது.

இந்தப் பற்றீரியா வளர்ந்தால் சேறு கறுக்கும் என்பார்கள். கறுக்காவிட்டால் பற்றீரியா இல்லை என்றும் முடிவுகட்ட வேண்டாம். அந்தக் கறுப்பு, ஐதரசன் சல்பைட்டு இரும்போடு சேர்ந்து உண்டாகும் இரும்புச் சல்பைட்டு. இரும்பே இல்லாத சேற்றில் நிறம் எங்கிருந்து வரும்? ஓர் ஆணியைப் போட்டுப் பாருங்கள்.

குளிருக்குக் கதவு ஜன்னலைச் சாத்திய தோட்ட லயக் காம்பராவுக்குள் (வரிசை வீட்டு அறைக்குள்) மட்டும் இந்தப் போத்தலைத் திறக்காதீர்கள். ஐதரசன் சல்பைட்டின் கூழ்முட்டை நாற்றம் சட்டென்று நின்றுபோனால், வாயு போய்விட்டது என்று அர்த்தமில்லை. செறிவு கூடினால் மூக்கு மரத்துவிடும். சின்னப் போத்தலில் அவ்வளவு வராது, ஆனால் கழிவுக் குழிக்குள் இறங்குபவர்களைக் கொல்வது இதே வாயுதான்.

பையன் போன கிழமை மீண்டும் வந்தான். சேறு இன்னும் சாம்பல் நிறம்தான். ஆணியைச் சுற்றி மட்டும் மை கசிந்ததுபோல் கறுப்பு வளையம்.