ஓய்வு விஷயத்தில் நர்ஸ்களாகிய நாம் செய்யும் தவறுகள்

பல வருடங்களுக்கு முன்பு, பெண்கள் வார்டில் ஈவினிங் டியூட்டியில் இருந்தேன். நைட்டுக்கு வரவேண்டியவர் வரவில்லை. "இன்னைக்கு ஒரு நாள் பார்த்துக்கோம்மா, இது கர்த்தருக்குச் செய்யும் ஊழியம்தானே" என்றார் சூப்பர்வைசர். சரி என்று தொடர்ந்தேன். மறுநாள் காலை ஆறரை மணிக்கு, பதினொன்றாவது பெட் அம்மாவுக்கு இன்சுலின் போட ஊசியோடு போய் நின்றபோது அவருடைய மகள் என் கையைப் பிடித்தாள். "சிஸ்டர், இப்பத்தானே போட்டுட்டுப் போனீங்க?"

போட்டிருந்தேன். கேஸ் ஷீட்டில் எழுதவில்லை. போட்டது ஞாபகத்திலும் இல்லை. அந்தப் பெண் அன்று தூங்கிப்போயிருந்தால் அவள் அம்மாவுக்குச் சர்க்கரை எவ்வளவு இறங்கியிருக்கும் என்று நினைத்தால் இப்போதும் கை நடுங்குகிறது.

அன்று நான் செய்த தவறு இன்சுலினில் தொடங்கவில்லை. முந்தைய நாள் இரவு "சரி" என்றேனே, அங்கே தொடங்கியது. தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கையும் கவனமும், 100 மில்லி ரத்தத்தில் 50 மில்லிகிராம் மது இருப்பவரின் அளவுக்குத் தடுமாறுகின்றன என்று 1997-ல் வந்த ஓர் ஆய்வு காட்டியது. நம் நாட்டில் 30 மில்லிகிராமைத் தாண்டினாலே வண்டி ஓட்டக்கூடாது. நானோ ஒரு நாள் முழுக்க விழித்திருந்து ஊசியைக் கையில் எடுத்திருக்கிறேன். குடித்துவிட்டு டியூட்டிக்கு வருவதைப் பாவம் என்று சொல்லும் நாம், டபுள் டியூட்டியைத் தியாகம் என்று சாட்சி சொல்கிறோம்.

தியாகத்தைத் தவறாகப் படிப்பது

நம் தவறுகளுக்கெல்லாம் வேர் இதுதான் என்பேன். வழியில் அடிபட்டுக் கிடந்தவனைக் காப்பாற்றிய நல்ல சமாரியனைப் பற்றி இயேசு சொன்ன கதையை நர்ஸ்களுக்கு எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறார்கள். காயம் கட்டினான், தன் வாகனத்தில் ஏற்றினான், சத்திரத்தில் இரவு கூடவே இருந்து பார்த்துக்கொண்டான். அதோடு நிறுத்திவிடுகிறார்கள். மறுநாள் அவன் என்ன செய்தான்? சத்திரக்காரனிடம் இரண்டு பணத்தைக் கொடுத்து, "நீ இவனை விசாரித்துக்கொள்" என்று ஒப்படைத்துவிட்டுத் தன் பயணத்தைத் தொடர்ந்தான். திரும்பி வருவேன் என்றும் சொன்னான். ஒரு நர்ஸின் கண்ணால் பார்த்தால் அது சுத்தமான ஹேண்ட்ஓவர், அடுத்தவரிடம் பொறுப்பை முறையாக ஒப்படைப்பது. காயப்பட்டவனின் பக்கத்திலேயே உட்கார்ந்திருக்கவில்லையே என்று இயேசு அவனைக் குறை சொல்லவில்லை. அவனைத்தான் முன்மாதிரியாகக் காட்டினார்.

ஹேண்ட்ஓவர் முடிந்த பிறகும் ஒரு மணி நேரம் வார்டிலேயே சுற்றுவது, வீட்டிலிருந்து போன் போட்டு "அந்த பெட் பேஷண்ட் யூரின் போனாரா?" என்று கேட்பது எல்லாம் அன்பினால் செய்வதுதான், தெரியும். ஆனால் அடுத்து வந்திருக்கும் சகோதரியையும் கர்த்தர்தான் அங்கே வைத்திருக்கிறார். மாற்கு ஆறாம் அதிகாரத்தில் சீஷர்களுக்குச் சாப்பிடக்கூட நேரமில்லாத அளவுக்கு ஜனங்கள் வந்துகொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில்தான் இயேசு, "தனித்துச் சற்றே இளைப்பாறும்படி போவோம் வாருங்கள்" என்றார். கூட்டம் தீரட்டும், அப்புறம் ஓய்வெடுக்கலாம் என்று அவர் காத்திருக்கவில்லை. வார்டிலும் கூட்டம் தீரப்போவதில்லை.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். நாம் தியாகத்துக்கு உதாரணமாகச் சொல்லும் மிஷனரிகள் ஓய்வெடுத்தார்கள். வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பிக்க மதுரை அமெரிக்க மிஷனைச் சேர்ந்தவர்கள் 1845-ல் கோடைக்கானலில் வீடு கட்டினார்கள். வேலூர் ஆஸ்பத்திரியை உண்டாக்கிய ஐடா ஸ்கடருக்கும் அந்த மலையில் வீடு இருந்தது. 1960-ல் அவர் கண்மூடியதும் அங்கேதான். அவர்களுடைய தியாகத்தைக் கற்றுக்கொண்ட நாம், இந்த ஞானத்தையும் சேர்த்துக் கற்றுக்கொண்டிருக்க வேண்டும்.

சோர்வை ஆவிக்குரிய குறைவாக எடுத்துக்கொள்வது

வேலைக்குக் கிளம்பும்போதே அழுகை வருகிறது, பேஷண்ட் கூப்பிட்டால் எரிச்சல் வருகிறது என்று ஒரு தங்கச்சி சொன்னால், "ஜெபம் குறைஞ்சிருக்கும்மா" என்று சொல்லிவிடுகிறோம். எலியா தீர்க்கதரிசி சூரைச்செடியின் கீழே உட்கார்ந்து, "போதும் கர்த்தாவே" என்று சாவைக் கேட்டுவிட்டுத் தூங்கிப்போனபோது தேவதூதன் ஜெபிக்கச் சொல்லவில்லை. தழலில் சுட்ட அடையும் தண்ணீரும் வைத்து, எழுந்து சாப்பிடு என்றான். எலியா சாப்பிட்டான், மறுபடி தூங்கினான். தூதன் திரும்பவும் வந்து எழுப்பிச் சாப்பிடச் சொன்னான். கர்த்தர் அவனோடு பேசியது அதற்கெல்லாம் பிறகு. தூங்கிச் சாப்பிட்ட பிறகும் வாரக்கணக்கில் மனம் தேறவில்லை என்றால் டாக்டரைப் பார்க்க வேண்டும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

ஆஃப் நாளை ஓய்வு நாளாக எண்ணிக்கொள்வது

வீக்லி ஆஃப் வந்தால் வாரத்துத் துணியெல்லாம் துவைக்க வேண்டும், ஞாயிறு பள்ளிப் பாடம், பாடகர் குழு, சாயந்திரம் சொந்தக்காரர் வீட்டு விசேஷம். போதாததற்குத் தெருவில் யாருக்காவது பிரஷர் பார்க்கவும் டிரிப் போடவும் கூப்பிடுவார்கள். அன்றைக்கு எங்கே ஓய்வு? நைட் முடித்த கையோடு காலை ஆராதனைக்கு ஸ்கூட்டியில் போவதும் இதில் சேரும். போகிற வழியில் கண் சொக்கி விழுந்தவர்கள் உண்டு. "ஓய்வுநாள் மனுஷனுக்காக உண்டாக்கப்பட்டது" என்று சொன்னவர், நீங்கள் தூங்கி எழுந்து மாலை ஆராதனைக்கு வந்தால் கோபிக்க மாட்டார். நைட் முடிந்த பகலில் அறையை இருட்டாக்கி, போனை அணைத்து, வீட்டாரிடம் சொல்லிவிட்டுத் தூங்குங்கள். நைட்டின் கடைசி நேரத்தில் காபி குடித்தால் அந்தத் தூக்கமும் போய்விடும்.

தனியாகவே சுமப்பது

எல்லாவற்றையும் நர்ஸின் தலையில் போடவும் எனக்கு மனமில்லை. ஆள் போடாமல் ரோஸ்டர் (டியூட்டிப் பட்டியல்) எழுதினால் யார்தான் ஓய்வெடுக்க முடியும்? பொது வார்டில் ஐந்து நோயாளிக்கு ஒரு நர்ஸ், ஐ.சி.யூ.வில் ஒருவருக்கு ஒருவர், விடுப்புக்கென்று தனியாக 30 சதவீதம் ஆட்கள் என்று இந்திய நர்ஸிங் கவுன்சில் அளவு சொல்கிறது. அந்த 30 சதவீதம் ஆள் இல்லாத இடத்தில்தான் "இது ஊழியம்" என்ற வார்த்தை வந்து நிற்கிறது. கிறிஸ்தவ நிர்வாகிகள் உபாகமம் ஐந்தாம் அதிகாரத்தை ஒருமுறை வாசிக்கட்டும். உன் வேலைக்காரனும் வேலைக்காரியும் உன்னைப்போல இளைப்பாற வேண்டும் என்பது அங்கே வேலை கொடுப்பவனுக்கு இடப்பட்ட கட்டளை.

மோசே காலைமுதல் மாலைவரை தனியாக நியாயம் விசாரித்தபோது, "நீர் செய்கிற காரியம் நல்லதல்ல" என்று சொல்ல ஒரு மாமனார் இருந்தார். நமக்கு அப்படி யாரும் இல்லாவிட்டால் நாமே சொல்ல வேண்டும். வாய்மொழியாக மட்டும் சொல்லாதீர்கள், எழுதிக் கொடுங்கள்: இன்ன தேதி, இத்தனை பெட், இத்தனை ஸ்டாஃப், தொடர்ந்து எத்தனை மணி நேரம். தனியாகப் போகாமல் நாலு பேராகச் சேர்ந்து கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள். பேஷண்ட்டின் பாதுகாப்பை முதல் வரியில் எழுதுங்கள், சம்பளத்தையும் லீவையும் அதற்குப் பிறகு. நான் அன்று காலை அந்தப் பதினொன்றாவது பெட்டைப் பற்றி யாரிடமும் எழுதிக் கொடுக்கவில்லை. இரண்டு வாரத்தில் அதே வார்டில் இன்னொரு பெண்ணை டபுள் டியூட்டிக்கு நிறுத்தினார்கள்.