திரும்பும் நேரம் முதலில்: மேற்குத் தொடர்ச்சி மலையில் நடப்பவர்களுக்கு

மலையில் காலை எட்டு மணிக்கு எல்லோரும் நன்றாகத்தான் நடப்பார்கள். கால் தளர்ந்து, பாட்டிலில் தண்ணீர் அடிமட்டத்துக்கு வந்து, மஞ்சு இறங்கத் தொடங்கும் பிற்பகலில்தான் தவறுகள் நடக்கும். அதனால் திட்டத்தை மாலையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்.

கணக்கு எளிது. சமதளத்தில் மணிக்கு 5 கிலோமீட்டர். ஏறும் ஒவ்வொரு 600 மீட்டர் உயரத்துக்கும் கூடுதலாக ஒரு மணி நேரம். போக வர 12 கிலோமீட்டர், ஏற்றம் 900 மீட்டர் என்றால் சுமார் 4 மணி நேரம் வரும். நம் சோலைக்காட்டுப் பாதைகளில் வேர், வழுக்குப் பாறை, ஓடை எல்லாம் உண்டு. குழுவில் புதியவர்களும் இருந்தால் அதோடு பாதியைக் கூட்டி 6 மணி நேரம் என்று வையுங்கள். காலை 7 மணிக்குக் கிளம்பும் குழு, 12 மணிக்கு எங்கே நிற்கிறதோ அங்கிருந்தே திரும்ப வேண்டும். "உச்சி இதோ தெரிகிறதே, அரை மணிதான்" என்ற பேச்சுக்கு அப்போது இடம் கொடுக்காதீர்கள். பிற்பகல் 4 மணிக்கு மேல் யானையும் காட்டெருதும் தண்ணீருக்கு இறங்கும். அவை வரும் வழியும் பல இடங்களில் நீங்கள் நடக்கும் அதே ஒற்றையடிப்பாதைதான்.

அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் போவது குற்றம். தமிழ்நாடு வனத்துறை 2024-இல் 40 பாதைகளோடு தொடங்கிய 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தில் இணையத்தில் பதிவு செய்யலாம். உடன் வரும் வழிகாட்டிகளில் பலர் அந்தந்த மலையின் பழங்குடி இளைஞர்கள். வழிகாட்டி "போதும், திரும்பலாம்" என்றால் காரணம் கேட்டு வாதாடாமல் திரும்புங்கள்.

கோடையில் மூடிய பாதை என்றால் மூடியதுதான். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டக் குரங்கணி மலையில் காட்டுத்தீயில் சிக்கி, நடக்கப் போனவர்கள் பலர் இறந்தது எல்லோருக்கும் நினைவிருக்கும். காய்ந்த புல்வெளியில் தீ மேட்டை நோக்கி மனிதர் ஓடுவதைவிட வேகமாக ஏறும், ஏனென்றால் கீழே எரியும் தீ மேலே இருக்கும் புல்லை முன்கூட்டியே சூடாக்கிக் காய வைத்துவிடுகிறது. புகை தெரிந்தால் சரிவில் மேலே ஓடாதீர்கள். காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்று பார்த்து, தீயின் பாதையிலிருந்து பக்கவாட்டில் விலகி, வெறும் பாறை, ஓடைப் படுகை அல்லது ஏற்கெனவே எரிந்து கறுத்த நிலத்துக்குப் போங்கள். பாலியெஸ்டர் உருகித் தோலில் ஒட்டும் என்பதால் வறண்ட மாதங்களில் பருத்தி முழுக்கைச் சட்டையே நல்லது.

தண்ணீர் ஆளுக்கு 3 லிட்டர். தாகம் வரும்வரை காத்திராமல் 20 நிமிடத்துக்கு ஒருமுறை நாலைந்து மிடறு குடியுங்கள். வெறும் தண்ணீரையே நிறையக் குடித்தால் வியர்வையில் போன உப்பு திரும்பாது. தலைவலி, குமட்டல் வரும். அதனால் ஒரு லிட்டரில் ஓ.ஆர்.எஸ். கலந்துகொள்ளுங்கள். பொட்டலம் இல்லையென்றால் ஒரு லிட்டருக்கு 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு, இரண்டும் தலைதட்டி. கடலைமிட்டாய், பேரீச்சை, புளிச்சோறு போதும். ஓடைத் தண்ணீர் எவ்வளவு தெளிவாக இருந்தாலும் குளோரின் மாத்திரை போட்டு அரை மணி கழித்தே குடிக்கவும்.

புது ஷூவோடு மலைக்கு வராதீர்கள்; குறைந்தது 30 கிலோமீட்டர் ஊருக்குள் நடந்து பழக்குங்கள். கால் நகத்தை முந்தின நாளே வெட்டுங்கள், இல்லையேல் இறக்கத்தில் ஷூ முனையில் இடித்து நகம் கறுக்கும். குதிகாலில் எரிச்சல் தொடங்கிய உடனே நின்று பிளாஸ்திரி ஒட்டினால் இரண்டு நிமிட வேலை. கொப்புளம் ஆனபின் நாள் முழுக்க வேதனை. இறங்கும்போது எட்டுகளைச் சிறிதாக்கி, முழங்காலைச் சற்று மடக்கியே வையுங்கள்.

அட்டைக்கு அஞ்ச வேண்டியதில்லை, ஆனால் பிடுங்கும் முறை முக்கியம். உப்பு, தீக்குச்சி, சானிடைசர் எதுவும் கடித்துக்கொண்டிருக்கும் அட்டைமேல் வேண்டாம். அது உறிஞ்சியதைக் காயத்துக்குள் கக்கிவிடலாம், புண் சீழ்பிடிக்கும். அட்டையின் மெல்லிய முனைதான் வாய். அதன் ஓரத்தில் நகத்தைத் தோலோடு ஒட்டி வழித்துத் தள்ளுங்கள், பிறகு தடித்த முனையையும் அப்படியே. அதன் எச்சிலில் இரத்தம் உறையவிடாத பொருள் இருப்பதால் கசிவு சில மணி நேரம் நீடிக்கலாம். கழுவித் துணி வைத்து அழுத்திக் கட்டினால் போதும். முழங்கால்வரை வரும் நெருக்க நெய்த, அட்டையைத் தடுக்கும் காலுறைக்குள் பேண்ட்டைச் செருகுவதே சிறந்த தடுப்பு. ஈரமான சருகுமேல் உட்காராதீர்கள்.

யானைதான் பெரிய விஷயம். அடர்ந்த புதருக்குப் பின்னால் பத்தடியில் நின்றாலும் கண்ணுக்குப் படாது. அதனால் அறிகுறிகளைப் படியுங்கள்: ஈரம் காயாத சாணம், பால் வடியும் ஒடிந்த கிளை, மூங்கில் முறியும் சத்தம், தொண்டைக்குள்ளிருந்து வரும் தாழ்ந்த உறுமல், தொழுவத்தை நினைவூட்டும் வாடை. இவற்றில் ஒன்று கிடைத்தாலும் நின்று, ஒரு சிட்டிகை காய்ந்த மண்ணை விரலிலிருந்து உதிருங்கள். அது யானைப் பக்கம் பறந்தால் உங்கள் வாசம் அதற்குப் போய்விட்டது. வந்த வழியே சத்தமில்லாமல் பின்வாங்கி, அரை மணியாவது காத்திருங்கள். விசில், கல், ஃபிளாஷ், செல்ஃபி எதுவும் கூடாது. தாய்க்கும் குட்டிக்கும் நடுவே ஒருபோதும் போகக்கூடாது. மற்றபடி வளைவுகளில் இயல்பான குரலில் பேசிக்கொண்டே நடப்பது நல்லது, ஏனென்றால் எதிர்பாராமல் முட்டிக்கொள்ளும் கரடியும் தனித்துத் திரியும் காட்டெருதும்தான் பாயும். புளூடூத் ஸ்பீக்கர் வேண்டவே வேண்டாம். அந்தச் சத்தத்தில் நமக்கும் காடு கேட்காது.

பாறை இடுக்கில் கை வைக்காதீர்கள். பாம்பு கடித்தால் கீறுவதும் இறுக்கிக் கட்டுவதும் தவறு. மோதிரம், கொலுசைக் கழற்றி, கடிபட்ட கையையோ காலையோ குச்சி வைத்து அசையாமல் கட்டி, ஆளை நடக்கவிடாமல் தூக்கி இறக்குங்கள். வழியில் சிக்னல் கிடைத்ததும் 108-ஐ அழையுங்கள். நம் விஷமுறிவு மருந்து நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகிய நான்குக்கே செய்யப்பட்டது. சோலையில் இருக்கும் குழிவிரியன்களுக்கு அது பயன்படாது. ஆகவே எட்ட நின்று பார்த்த நிறத்தையும் வடிவத்தையும் மருத்துவரிடம் சொல்வது உதவும். அடிக்கவோ பிடிக்கவோ முயல வேண்டாம்.

கொண்டுபோனது எல்லாம் திரும்பி வர வேண்டும், ஆரஞ்சுத் தோலும் முட்டை ஓடும் உட்பட. 'மக்கிவிடும்' என்று எறிவது குரங்கையும் காட்டுப்பன்றியையும் பாதைக்குப் பழக்குகிறது. மிட்டாய்க் காகிதத்தின் கிழித்த மூலைதான் அதிகம் தவறி விழுவது. முழுதாகக் கிழிக்காமல் திறவுங்கள். மலம் கழிக்க ஓடையிலிருந்து 70 எட்டு நடந்து தள்ளிப்போய், ஒரு சாண் ஆழம் தோண்டி மூடுங்கள். நாப்கினும் ஈரத்துடைப்பானும் மண்ணுக்குள் போகக் கூடாது, இரட்டைக் கவரில் கட்டி எடுத்து வாருங்கள். ஓடையில் சோப்பு வேண்டாம். புல்வெளியில் குறுக்கு வழி வெட்டினால் அடுத்த மழையில் அது ஓடையாகி மண்ணை அரித்துக்கொண்டு போகும்.

வீடு வந்ததும் துணியை வெந்நீரில் போட்டு, குளிக்கும்போது அக்குள், தொடை இடுக்கு, இடுப்பில் உண்ணி இருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மூன்று வாரத்துக்குள் காய்ச்சல் வந்து, உடலில் எங்காவது சிகரெட்டால் சுட்டது போன்ற வலியில்லாத கறுத்த பொருக்கு தெரிந்தால் அது கண்ணுக்கு எளிதில் தெரியாத சிற்றுண்ணி கடித்து வரும் ஸ்க்ரப் டைஃபஸ் காய்ச்சலாக இருக்கலாம். நேரத்தில் கொடுத்தால் டாக்ஸிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக்கிலேயே குணமாகும் நோய் அது. மருத்துவர் தானாகக் கேட்காமல் போகலாம்; மலைக்குப் போய் வந்ததை நீங்களே முதலில் சொல்லிவிடுங்கள்.