எய்ட்ஸும் போதைப் பழக்கமும்: ஆய்வுக் கட்டுரையை எடைபோட்டுப் படிப்பது எப்படி

"போதைப்பொருள் பயன்படுத்துவோரிடம் எச்.ஐ.வி. அதிகம்" என்று ஒரு ஆய்வு சொன்னால், அது நான்கு விதமாக இருக்கலாம். ஒருவர் போட்ட ஊசியை இன்னொருவர் போட்டுக்கொண்டதால் ரத்தத்தோடு வைரஸும் போயிருக்கலாம். மெத்தாம்பெட்டமின் போன்றவற்றின் மயக்கத்தில் ஆணுறை இல்லாமல் உறவு கொண்டிருக்கலாம். போதைப்பொருளே நோய் எதிர்ப்பு சக்தியைக் கெடுத்திருக்கலாம். அல்லது, தொற்று உள்ளவர் மாத்திரையைத் தவறவிட்டதால் நோய் முற்றியிருக்கலாம். கட்டுரையைத் திறந்ததும், இந்த நான்கில் எதைச் சோதித்திருக்கிறார்கள் என்று ஓரத்தில் எழுதிவையுங்கள். முன்னுரையில் ஒன்றைப் பேசி, முடிவுரையில் வேறொன்றுக்குத் தாவும் கட்டுரைகள் ஏராளம்.

மூன்றாவது வகைதான் அதிகம் சறுக்குவது. வைரஸ் கண்டறியப்பட்ட 1983க்கு முன், கிளர்ச்சிக்காக முகரும் அமைல் நைட்ரைட் என்ற ரசாயனத்தால்தான் எய்ட்ஸ் வருகிறதோ என்ற ஐயம் மருத்துவர்களிடையே இருந்தது. காரணம் போதைதான், வைரஸ் அல்ல என்று பின்னாளிலும் சிலர் வாதிட்டார்கள். இதைச் சோதிக்க ஆய்வின் அட்டவணையில் தேவையானது ஒரே ஒரு கட்டம்: போதைப்பொருள் எடுத்தும் எச்.ஐ.வி. இல்லாதவர்கள். 1993இல் வெளியான, கனடாவின் வான்கூவர் நகர ஆய்வில் 715 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்தார்கள். எய்ட்ஸ் வந்த 136 பேருக்கும் முன்பே எச்.ஐ.வி. எதிர்ப்பொருள் (தொற்றுக்கு எதிராக உடல் உருவாக்கும் புரதம்) இருந்தது. தொற்று இல்லாதவர்களில் ஒருவருக்கும் வரவில்லை, அவர்களிலும் போதைப்பொருள் எடுத்தவர்கள் இருந்தார்கள். ஆகவே, அட்டவணையில் அந்தக் கட்டம் காலியாக இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால், போதையையும் வைரஸையும் அந்த ஆய்வால் பிரித்துச் சொல்ல முடியாது.

கொக்கெய்ன் அல்லது மார்ஃபின் சேர்த்த செல்களில் எச்.ஐ.வி. வேகமாகப் பெருகியது என்னும் ஆய்வகக் கட்டுரைகளில், முதலில் எவ்வளவு செறிவில் சேர்த்தார்கள் என்று தேடுங்கள். மனித ரத்தத்தில் ஒருபோதும் எட்டாத அளவாக இருந்தால், அதை வைத்து நோயாளியைப் பற்றி எதுவும் சொல்லிவிட முடியாது. மனிதர்களிடம் செய்த ஆய்வு என்றால், எச்.ஐ.வி. மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டார்களா என்பதைக் கணக்கில் சேர்த்தார்களா பாருங்கள். சேர்க்கவில்லை என்றால், நான்காவது வகையை மூன்றாவது என்று எண்ணிவிடுவோம்.

அடுத்து, எதை எப்படி அளந்தார்கள் என்று செய்முறைப் பகுதியில் தேட வேண்டும். எதிர்ப்பொருள் பரிசோதனை, தொற்றிய முதல் சில வாரங்களைப் பிடிக்காது. ஆய்வில் சேர்க்கும்போதே வைரஸின் மரபுப்பொருளான ஆர்.என்.ஏ.வைப் பார்க்கவில்லை என்றால், ஏற்கெனவே தொற்றியவர் "புதிய தொற்று" என்று எண்ணப்பட்டுவிடுவார். போதைப் பயன்பாட்டைச் சிறுநீரில் காணலாம், ஆனால் கொக்கெய்னின் தடயம் பொதுவாக ஓரிரு நாள்களில், அதிகம் போனால் சில நாள்களில் மறைந்துவிடும். ஊசியைப் பகிர்ந்தாரா என்பதைச் சிறுநீர் சொல்லாது. கேட்டுத்தான் அறிய வேண்டும். அதனால் கேள்வித்தாளைப் படியுங்கள். "ஊசியைப் பகிர்ந்தீர்களா?" என்று மட்டும் கேட்டால், போதைப்பொருளைக் கரைக்கும் ஒரே கரண்டியிலிருந்தும் அதை வடிகட்டும் ஒரே பஞ்சிலிருந்தும் தன் ஊசியில் உறிஞ்சுபவர் மனசாட்சியோடு "இல்லை" என்பார். கேட்டவர் யார் என்பதும் முக்கியம். தனக்கு மெத்தடோன் (ஹெராயின் போன்றவற்றுக்கு மாற்றாகத் தரும் சிகிச்சை மருந்து) தரும் ஊழியரே நேரில் கேட்டால், பதில்கள் சுத்தமாகத்தான் வரும்.

எண்களை நீங்களே போட்டுப் பாருங்கள். டெனோஃபோவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை முன்கூட்டியே கொடுத்தால் தொற்றைத் தடுக்குமா என்று பார்த்த, 2013இல் வெளியான பாங்காக் ஆய்வில் ஊசிவழி போதை எடுக்கும் 2,413 பேர், குலுக்கல் முறையில் இரு குழுக்களாகப் பிரிக்கப்பட்டார்கள். மருந்துக் குழுவில் 17 பேருக்கும், போலி மாத்திரைக் குழுவில் 33 பேருக்கும் தொற்று வந்தது. கவனித்த காலம் முறையே 4,843, 4,823 நபர்-ஆண்டுகள் (ஒருவரை ஓராண்டு கவனித்தால் ஒரு நபர்-ஆண்டு). வகுத்தால், 100 நபர்-ஆண்டுக்கு 0.35, 0.68. இதிலிருந்துதான் "48.9 சதவீதம் குறைவு" என்ற தலைப்புச் செய்தி வருகிறது. ஆனால் வித்தியாசம் 0.33தான், ஒரு தொற்றைத் தடுக்க ஏறத்தாழ 300 நபர்-ஆண்டுகள் மாத்திரை கொடுக்க வேண்டும். இரண்டு எண்களையும் சேர்த்தே எழுதுங்கள். நம்பக இடைவெளி, அதாவது உண்மையான பலன் இருக்கக்கூடிய வரம்பு, 9.6 முதல் 72.2 சதவீதம் வரை நீள்கிறது, ஏனென்றால் மொத்த நிகழ்வுகளே 50தான். இன்னொன்றும் உண்டு: அந்தத் தொற்றுகள் ஊசியால் வந்தனவா, உடலுறவால் வந்தனவா என்று ஆய்வால் பிரிக்க முடியவில்லை. ஊசிவழித் தொற்றை மாத்திரை தடுத்தது என்று அதை மேற்கோள் காட்டுபவர்கள் இதை வசதியாக மறந்துவிடுகிறார்கள்.

குலுக்கல் இல்லாத ஆய்வு என்றால், யார் எந்தக் குழுவுக்குத் தாமாகப் போனார்கள் என்று கேளுங்கள். பிலடெல்பியாவில் 18 மாதம் கவனித்த ஆய்வில், மெத்தடோன் சிகிச்சையில் தொடர்ந்தவர்களில் 3.5 சதவீதம் பேருக்குப் புதிதாகத் தொற்று வந்தது. சிகிச்சைக்கு வெளியே இருந்தவர்களில் 22 சதவீதம். வித்தியாசம் பெரிதுதான், ஆனால் சிகிச்சையில் நிலைத்திருப்பவர் ஏற்கெனவே கொஞ்சம் நிதானமானவராக இருக்கலாம். பல ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்த 2012ஆம் ஆண்டுக் கட்டுரையில் இந்தச் சிகிச்சையோடு தொற்று அபாயம் 54 சதவீதம் குறைவாக இருந்தது. ஒற்றை ஆய்வின் எண்ணைவிட நம்பத்தக்கது அதுதான்.

இதே கோணல் எதிர்த்திசையிலும் வேலை செய்யும். 1997இல் வந்த மாண்ட்ரியல் ஆய்வு, பழைய ஊசிக்குப் பதில் புதிய ஊசி தரும் இலவச ஊசி மாற்று மையத்துக்குப் போகிறவர்களிடம்தான் புதிய தொற்று அதிகம் என்றது. மையம் தொற்றைப் பரப்புகிறது என்று எதிர்ப்பாளர்கள் கொண்டாடினார்கள். ஆனால் கொக்கெய்னை ஊசியில் ஏற்றுபவர் ஒரே நாளில் பலமுறை குத்திக்கொள்வார். அவருக்குத்தான் ஊசி அதிகம் தேவை, மையத்துக்கும் அவரே அதிகம் வருவார். மருத்துவமனைக்கு வருபவர்களிடம் நோய் அதிகம் என்பதற்காக மருத்துவமனையைக் குறை சொல்வோமா? இப்படிப்பட்ட முடிவைக் கண்டால், மையத்துக்கு வருமுன்னரே இரு குழுக்களும் எப்படி இருந்தன என்று காட்டும் முதல் அட்டவணைக்குப் போங்கள். ஒரு நாளைக்கு எத்தனை முறை ஊசி, என்ன போதைப்பொருள், நிலையான வீடு உண்டா, சிறை சென்றாரா என்ற நான்கு வரிகளும் அங்கே இருக்க வேண்டும்.

கடைசியாக, பாதியில் காணாமல் போனவர்களைப் பாருங்கள். ஒரு குழுவில் 500 பேர், அதில் 400 பேரைத்தான் இறுதிவரை கவனித்தார்கள், 12 பேருக்குத் தொற்று என்று வைத்துக்கொள்வோம். கட்டுரை 3 சதவீதம் என்கிறது. காணாமல் போனவர்கள் பெரும்பாலும் சிறையிலோ, தெருவிலோ, மீண்டும் போதையிலோ இருப்பவர்கள். அவர்களில் 10 சதவீதம் பேருக்குத் தொற்று என்று கொண்டால், மொத்தம் 22, அதாவது 4.4 சதவீதம். மற்றக் குழுவுக்கும் இதே கணக்கைப் போடுங்கள். விலகியோர் விகிதம் இரண்டிலும் வெகுவாக வேறுபட்டு, இந்தச் சிறு மாற்றத்திலேயே முடிவு தலைகீழானால், அந்தக் கட்டுரையை ஆதாரமாகக் காட்டாதீர்கள்.