செயின்ட் எமிலியோனுக்கு ஒரு நாள்: எதை முதலில் முடிவு செய்வது?

செயின்ட் எமிலியோன், பிரான்ஸில் போர்தோ நகரத்திலிருந்து ரயிலில் சுமார் 40 நிமிடத்தில் இருக்கும் ஒயின் ஊர். ஊரையும் சுற்றியுள்ள திராட்சைத் தோட்டங்களையும் சேர்த்தே 1999-இல் உலக மரபுச் சின்னமாக யுனெஸ்கோ அறிவித்தது. கைக்குட்டை அளவு ஊர்தானே என்று நேரே போய் இறங்குகிறவர்கள், பார்க்க வேண்டிய முக்கியமான இடத்தை விட்டுவிட்டே திரும்புகிறார்கள்.

1. அந்த முக்கியமான இடம் பாறைத் தேவாலயம்; முதலில் அதற்கு நேரம் வாங்குங்கள். 12ஆம் நூற்றாண்டில் சுண்ணாம்புப் பாறையைக் குடைந்து உருவாக்கியது. 38 மீட்டர் நீளம், 12 மீட்டர் உயரம். சுற்றுலா அலுவலகத்தின் வழிகாட்டி இல்லாமல் உள்ளே விடமாட்டார்கள். ஆங்கில விளக்கம் எல்லா நேரமும் கிடையாது, ஆகவே இணையத்தில் முன்பதிவு செய்துவிட்டு, மற்றதையெல்லாம் அந்த நேரத்தைச் சுற்றி அமையுங்கள். பாறைக்குள் கோடையிலும் குளிரும். மெல்லிய ஸ்வெட்டர் போதும்.

2. ரயில் நிலையம் ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிறது. தோட்டங்களுக்கு நடுவே 20 நிமிட நடை, நிழல் குறைவு. ஞாயிறு ரயில்கள் குறைவு என்பதால் திரும்பும் ரயிலைப் போகும்போதே பார்த்து வையுங்கள்.

3. செருப்பில் கவனம். 'தெர்த்ர்' எனப்படும் செங்குத்துச் சந்துகளில் உருளைக்கல் பதித்திருக்கிறது. தேய்ந்து வழவழத்த கல், மழை பெய்தால் வழுக்கும். ஏறும்போதல்ல, இறங்கும்போதுதான் விழுவார்கள். தேவாலயத்தின் தலைக்குமேல் நிற்கும் மணிக்கூண்டுக்கு 196 படிகள். முழங்கால் வலி உள்ளவர்கள் கீழேயே நிற்கலாம், குறையில்லை.

4. ஒயின் பண்ணை ஒன்று போதும், அதற்கும் முன்பதிவு வேண்டும். மூன்று பண்ணை என்று திட்டமிட்டால் மூன்றாவதில் நாக்கு மரத்துப்போய் எல்லாம் ஒரே சுவையாகத் தெரியும். இங்கே முக்கியத் திராட்சை மெர்லோ, அடுத்தது காபர்னே ஃபிராங்க். வெறும் வயிற்றில் போகாதீர்கள். வாசனைத் திரவியமும் வேண்டாம், ஒயினின் மணத்தை அது மறைத்துவிடும். வாயில் சுழற்றிவிட்டுத் துப்பத் தனிப் பாத்திரம் வைத்திருப்பார்கள். துப்புவது மரியாதைக்குறைவு அல்ல, வல்லுநர்களே அப்படித்தான் செய்கிறார்கள். கட்டடக் கல்லுக்காக வெட்டிய பழைய சுரங்கங்கள் பல இன்று ஒயின் கிடங்குகள். அப்படிக் கிடங்கு உள்ள பண்ணை கிடைத்தால் அதையே தேர்ந்தெடுங்கள்.

5. மக்கரோன் என்ற இந்த ஊர் பிஸ்கட்டை வாங்காமல் திரும்பாதீர்கள். பாதாம், சர்க்கரை, முட்டை வெள்ளை மூன்றுதான். வண்ணமும் நடுவில் கிரீமும் கொண்ட பாரிஸ் வகையை எதிர்பார்க்க வேண்டாம். முட்டை சேர்க்காதவர்களுக்கு ஆகாது.