ஜிஆர்இ சொற்கள்: பெங்களூரில் வேலை பார்த்துக்கொண்டே படிப்பது எப்படி?

அல்சூரிலும் எலக்ட்ரானிக் சிட்டியிலும் வேலைக்குப் போய்க்கொண்டே, வெளிநாட்டு மேற்படிப்புக்கான ஜிஆர்இ தேர்வுக்குப் படிக்கும் நம்மாட்கள் நிறையப் பேர். எல்லார் போனிலும் ஆயிரம் சொல் கொண்ட ஒரு பிடிஎஃப் இருக்கும். அதில் 'ஏ' வரிசையைத் தாண்டியவர்கள்தான் குறைவு.

முதலில், தேர்வு என்ன கேட்கிறது என்று பாருங்கள். எதிர்ச்சொல் கேள்விகளை 2011-லேயே எடுத்துவிட்டார்கள். இப்போது வெர்பல் என்னும் ஆங்கிலப் பகுதியில் மொத்தம் 27 கேள்விகள், 41 நிமிடம். சொல்லறிவு நேரடியாகத் தேவைப்படுவது இரண்டு வகையில். டெக்ஸ்ட் கம்ப்ளீஷனில் கோடிட்ட இடத்தை நிரப்ப வேண்டும். சென்டென்ஸ் ஈக்விவலன்ஸில் ஆறு சொற்களிலிருந்து, வாக்கியத்துக்கு ஒரே பொருள் தரும் இரண்டை எடுக்க வேண்டும். ஒன்று சரி, ஒன்று தப்பு என்றால் பாதி மார்க்கெல்லாம் கிடையாது. ஆக, வாக்கியம் இல்லாமல் சொல்லை மட்டும் உருப்போடுவது வீண் வேலை.

அடுத்து, சொற்களை அட்டை அட்டையாகக் காட்டிப் படிக்கவைக்கும் ஆங்கி (Anki) செயலியை இறக்கிக்கொள்ளுங்கள். கணினியிலும் ஆண்ட்ராய்டிலும் இலவசம், ஐபோனுக்குக் காசு. அட்டையின் முன்பக்கம் கோடிட்ட வாக்கியம், பின்பக்கம் சொல். மறந்த அட்டையைச் சீக்கிரமும் நினைவிருப்பதை நாள் தள்ளியும் அதுவே காட்டும். தினம் பத்துப் புதுச் சொல் போதும். ஐம்பது என்று ஆரம்பித்தால் அடுத்த வாரமே பழைய அட்டைகள் குவிந்து, செயலியைத் திறக்கவே மனசு வராது.

தமிழ் அர்த்தம் எழுதுவதில் தப்பில்லை, ஆனால் அதோடு நிறுத்தாதீர்கள். 'அமீலியரேட்' என்றால் மேம்படுத்து என்று எழுதி வைத்திருப்பீர்கள். ஏற்கெனவே மோசமாக இருப்பதைச் சரிசெய்வதற்குத்தான் அந்தச் சொல். வறுமையின் கடுமையை அமீலியரேட் செய்யலாம். நன்றாக இருக்கும் சாம்பாரை முடியாது.

இதைவிட ஏமாற்றுபவை, நமக்குத் தெரிந்ததாக நினைக்கும் சொற்கள். 'ஃபிளாக்' கொடி மட்டுமல்ல, உற்சாகம் தளர்வதும்தான். 'பெடஸ்ட்ரியன்' என்றால் சுவாரஸ்யமே இல்லாதது என்றும் பொருள். 'குவாலிஃபை' சொன்ன கருத்துக்கு ஒரு வரம்பு போடுவதையும் குறிக்கும். இவற்றுக்குத் தனி அட்டைக்கட்டு வையுங்கள். என்னைக் கேட்டால் அரிய சொற்களைவிட இதற்குத்தான் முதலிடம்.

சொற்களைக் குடும்பமாகச் சேர்த்துக்கொள்வதும் உதவும். லெகானிக், டேசிடர்ன், ரெட்டிசன்ட் மூன்றும் பேச்சுக் குறைவு. கேருலஸ், லொக்வேஷஸ் வாயாடிகள். அதற்காக ஒரே குடும்பத்தை ஒரே நாளில் படிக்காதீர்கள், குழம்பிவிடும்.

நேரம்? மெட்ரோ ரயிலின் பர்ப்பிள் லைனில் வைட்ஃபீல்டு வரை போகிறவர்களுக்குக் கவலையே இல்லை. நின்றுகொண்டு பழைய அட்டைகளைத் தள்ளலாம். புதுச் சொல்லுக்கு மட்டும் வீட்டில் மேசை முன்னால் உட்காருங்கள்.

அப்புறம், தேர்வு நடத்தும் இடிஎஸ் இரண்டு பவர்பிரெப் மாதிரித் தேர்வுகளை இலவசமாகத் தருகிறது. அவசரப்பட்டு இரண்டையும் தீர்த்துவிட வேண்டாம். ஒன்றைப் படிப்பு பாதி முடிந்ததும் எழுதுங்கள், மற்றதைக் கடைசி இரண்டு வாரத்துக்கு வையுங்கள். தப்பான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில், சொல் தெரியவில்லையா, 'ஆல்தோ', 'டிஸ்பைட்' மாதிரி வாக்கியத்தைத் திருப்பிவிடும் இடத்தைக் கவனிக்கவில்லையா என்று குறித்துக்கொள்ளுங்கள். இரண்டாவது ரகம் அதிகமிருந்தால் புது அட்டைகளைக் கொஞ்ச நாள் நிறுத்திவிட்டு, தினம் ஒரு ஆங்கிலத் தலையங்கம் படியுங்கள். தேர்வில் தப்பான விடைக்கு மார்க் குறைக்க மாட்டார்கள். தெரியாவிட்டாலும் எதையாவது தொட்டுவிட்டே நகருங்கள்.