அமெரிக்கால ஐயோவா மாநிலம் பக்கம் டேட்டா சென்டருக்கு இடம் பாக்கறீங்களா? முதல்ல டீசல் லாரி எந்த ரோட்ல வரும்னு கேளுங்க

சிகாகோல ரேட் எகிறிடுச்சு, வர்ஜீனியால பவர் கேட்டா வருஷக்கணக்குல காத்திருன்றான், "மிட்வெஸ்ட்ல ஏதாவது சின்ன ஊரா பாத்து ரிப்போர்ட் குடு"ன்னு மேனேஜர் ஒரு மெயில் தட்டிவிட்டுப் போயிடுவாரு, மாட்டறது நாமதான். அப்படி மாட்டினவங்களுக்காக இத எழுதறேன். உதாரணத்துக்கு ஐயோவால இருக்கற சீடர் ரேப்பிட்ஸ எடுத்துக்கறேன், சுமார் 1,37,000 பேர் இருக்கற ஊரு, ஓட்ஸ் ஃபேக்டரி வாசனை ஊர் பூரா அடிக்கும், கூகுளும், டேட்டா சென்டர் கட்டி வாடகைக்கு விடற க்யூடிஎஸ்ஸும் அங்க பெரிய கேம்பஸ் கட்டறாங்க. அவங்க வந்துட்டாங்க, அதனால ஊரு ஓகேன்னு மட்டும் எழுதிடாதீங்க, அவங்க கேக்கற பவரும் பேசற டீலும் வேற, நமக்கு வேண்டிய 2 மெகாவாட் கதை வேற.

புரோக்கர் குடுக்கற பிபிடில நெலம் சீப்பு, பூகம்ப பயம் கம்மி, ஐயோவா கரண்ட்ல பாதிக்கு மேல காத்தாலைன்னு எல்லாம் இருக்கும், எதுவும் பொய்யில்ல. ஆனா அந்த ஊருக்கு வந்த மோசமான நாள் எது, அன்னைக்கு என்ன ஆச்சுன்னு ஒரு ஸ்லைடு கூட இருக்காது. நான் எப்பவும் அங்கதான் ஆரம்பிக்கறது.

சீடர் ரேப்பிட்ஸுக்கு அப்படி ரெண்டு நாள் இருக்கு. ஒண்ணு 2008 ஜூன் 13. சீடர் ஆறு 31.12 அடி வரைக்கும் ஏறுச்சு. அதுக்கு முன்னாடி 1851லயும் 1929லயும் வந்ததுதான் ரெக்கார்டு, சுமார் 20 அடி. யோசிச்சுப் பாருங்க, நூறு வருஷத்துக்கு மேல இருக்கற கணக்க 11 அடி தாண்டிப் போயிருக்கு, ஊர்ல சுமார் 10 சதுர மைல் தண்ணிக்குள்ள. அதனால வெள்ள மேப்ல "நூறு வருஷ வெள்ளம்" கோட்டுக்கு வெளிய இருக்கோம்னு யாராச்சும் சொன்னா விடாதீங்க, ஐநூறு வருஷக் கோட்டுக்கும் வெளிய இருக்கணும், அதுவும் நம்ம பில்டிங் மட்டும் இல்ல, நமக்கு கரண்ட் குடுக்கற சப்ஸ்டேஷனும், ஃபைபர் வந்து இறங்கற எக்ஸ்சேஞ்சும், ஆத்தங்கரை போர்வெல்ல இருந்து வர்ற தண்ணி லைனும் சேத்துப் பாக்கணும். மேட்டுல நாம ஜம்முனு ஒக்காந்திருந்தாலும் பள்ளத்துல சப்ஸ்டேஷன் முங்கினா முடிஞ்சுது.

ரெண்டாவது 2020 ஆகஸ்ட் 10, டெரேச்சோன்னு ஒரு காத்து. சூறாவளி மாதிரி சுத்தாது, நேர்கோட்டுல அடிச்சிட்டுப் போகும், சீடர் ரேப்பிட்ஸ்ல மணிக்கு 140 மைல் வரைக்கும்னு மதிப்பிட்டாங்க. ஊரே இருட்டு, சில இடங்கள்ல கரண்ட் வர ரெண்டு வாரம் ஆச்சு, மரமெல்லாம் ரோட்டுக்குக் குறுக்க, செல்ஃபோன் டவரும் அவுட்டு. பக்கத்துல பாலோல இருந்த டுவேன் ஆர்னால்ட் அணு உலையோட கூலிங் டவரும் அடி வாங்குச்சு, எப்படியும் அந்த அக்டோபர்ல மூட வேண்டியதுதான், திரும்ப ஓட்டவே இல்ல. (இப்ப அதையே 2029ல ஓட்டப்போறோம்னு 2025ல கூகுளும் உலைய வெச்சிருக்கற நெக்ஸ்ட்எரா கம்பெனியும் டீல் போட்டிருக்காங்க, டேட்டா சென்டர் பசி அவ்வளவு!)

இதுல இருந்து வர்ற கேள்விதான் தலைப்புல இருக்கறது. கரண்ட் போனா ஜெனரேட்டர்தான், அதுக்கு டீசல் வேணும். கொலோ (நம்ம சர்வர வாடகை இடத்துல வெச்சுக்கற டேட்டா சென்டர்) ஆளு "48 மணி நேரத்துக்கு டீசல் வெச்சிருக்கோம், ரீஃபில் கான்ட்ராக்ட் இருக்கு"ன்னு சொல்லுவாரு. அந்த லாரி எங்க இருந்து கிளம்புது, அதே கவுன்ட்டில (நம்ம ஊர் மாவட்டம் மாதிரி) இருந்தா, அந்த டிப்போல கரண்ட் போனா பம்ப் எதுல ஓடும், ஆஸ்பத்திரிக்கு முதல்ல ஊத்துவாங்களா நமக்கா? பதில் தெரியாம முழிச்சாருன்னா நோட் பண்ணிக்கோங்க. இன்னொண்ணு குளிரு: 2019 ஜனவரி கடைசில அந்தப் பக்கம் மைனஸ் 30 செல்சியஸுக்கும் கீழ போச்சு, டீசல் கூழ் மாதிரி உறைஞ்சிடும், காத்தாலைகளே குளிர் தாங்காம நின்னுச்சு. குளிர்ல உறையாத வின்டர் டீசல் எந்த மாசத்துல மாத்தறாங்கன்னு லாக் புக்க வாங்கிப் பாருங்க, வாய்ல சொன்னா போதாது.

பவர் ரேட்டுல ஏமாறாதீங்க. இன்னைக்கு யூனிட் எவ்வளவுன்னு மட்டும் கேட்டா பத்தாது, ஐயோவாவும் சேர்ற மிசோங்கற மின்சார கிரிட்ல கெபாசிட்டி விலை (தேவைப்படற நேரத்துல கரண்ட் தர ரெடியா இருக்கறதுக்குக் குடுக்கற காசு) 2024 கோடைக்கு ஒரு மெகாவாட்டுக்கு நாளைக்கு 30 டாலர், 2025 கோடைக்கு 666.50 டாலர். அந்த ஏத்தம் காண்ட்ராக்ட்ல யார் தலைல விழும்னு எழுத்துல வாங்குங்க. சொந்தமா பெருசா கட்டற ஐடியா இருந்தா மினிமம் சார்ஜையும் பாருங்க, ஒஹையோல ஏஇபிங்கற கரண்ட் கம்பெனிகிட்ட 25 மெகாவாட்டுக்கு மேல கேக்கற டேட்டா சென்டர்கள் கேட்ட அளவுல 85 சதவீதத்துக்காவது காசு கட்டணும்னு 2025ல விதி வந்துடுச்சு, யூஸ் பண்ணாலும் பண்ணாட்டியும்.

தண்ணி விஷயம் சின்ன ஊர்லதான் சீக்கிரம் சண்டையாகும். ஐயோவாலயே இருக்கற வெஸ்ட் டி மாய்ன்ல 2022 ஜூலைல மைக்ரோசாஃப்ட் ஒரே மாசத்துல சுமார் 1.15 கோடி கேலன் இழுத்துச்சு, அந்த வாட்டர் போர்டு மொத்த சப்ளைல சுமார் 6 சதவீதம். குளிர் ஊருதானே, ஃப்ரீ கூலிங் (வெளிக்குளிர வெச்சே ஆற வெக்கறது) ஓட்டிக்கலாம்னு நினைப்போம், ஆனா ஜூலை ஆகஸ்ட்ல சுத்தி இருக்கற சோளக்கொல்லை மொத்தமும் வேர்த்து விடற ஈரத்துல காத்து நம்ம மெட்ராஸ் மாதிரி பிசுபிசுன்னு ஆயிடும், தண்ணிய ஆவியாக்கிக் குளிர வெக்கற எவாப்பரேட்டிவ் கூலிங் திணறும். அதனால சராசரி டெம்பரேச்சர் வேணாம், உச்ச வெட் பல்ப் (ஈரத்தையும் சேத்துக் கணக்கு பண்ற டெம்பரேச்சர்) கேளுங்க.

நெட்வொர்க்குக்கு ஒரு கை கணக்கு: சிகாகோ ரோட்ல சுமார் 400 கிலோமீட்டர், ஃபைபர்ல போயிட்டு வர குறைஞ்சது 4 மில்லிசெகண்ட், ரூட்டு வளைஞ்சு போறதால நெஜத்துல கூடும். பேக்கப், டிஆர் (மெயின் சைட் விழுந்தா ஓட வெக்கற மாத்து சைட்), ஏஐ டிரெய்னிங் வேலைக்கெல்லாம் தாராளம். லேட்டன்ஸிய (இந்த மில்லிசெகண்ட் தாமதத்த) விட எனக்கு பயம் ஃபைபர் போற ரூட்டுதான். வேற ஒரு ஊர்ல, பேர் வேணாம், ரெண்டு கேரியர் (ஃபைபர் லைன் குடுக்கற கம்பெனிங்க) ரெண்டு கலர் மேப் குடுத்தாங்க, அழகா தனித்தனியா போச்சு. மேப்ப கையில வெச்சுக்கிட்டு நானும் கூட வந்தவரும் காரு ஓட்டிக்கிட்டே போனோம், ஆத்துக்கிட்ட வந்தா ரெண்டுமே ஒரே பாலத்துக்கு அடியில, பக்கத்து பக்கத்துல தொங்குது, ஒரு பைப் ஆரஞ்சு ஒரு பைப் கருப்பு. கூட வந்தவரு சிரிச்சாரு, எனக்கு சிரிப்பு வரல, 2008ல சீடர் ரேப்பிட்ஸ்ல வெள்ளம் தாங்கட்டும்னு சரக்கு ஏத்தின ரயில் பெட்டிகள நிறுத்தி வெச்ச ரயில் பாலமே பெட்டியோட போயிடுச்சுன்னு அப்பதான் படிச்சிருந்தேன்.

ஆளுங்கள பத்தி ரொம்ப கவலைப்பட வேணாம், கிர்க்வுட் கம்யூனிட்டி காலேஜ் அங்கயே இருக்கு, ஐயோவா யுனிவர்சிட்டி அரை மணி நேரம். ஆனா ராத்திரி 3 மணிக்கு ரிமோட் ஹேண்ட்ஸ் டிக்கெட் (நமக்குப் பதிலா அங்க இருக்கறவங்க சர்வர தொட்டு வேலை பாக்கச் சொல்றது) போட்டா எத்தன பேர் ஷிப்ட்ல இருப்பாங்க, யுபிஎஸ் வென்டரோட இன்ஜினியர் உள்ளூரா இல்ல சிகாகோல இருந்து பனில நாலு மணி நேரம் ஓட்டிட்டு வரணுமா, இத கேளுங்க. வரிச்சலுகை கடைசில பாத்துக்கலாம், பெரிய முதலீட்டுக்குத்தான் கொட்டிக் குடுப்பாங்க, நம்ம சைஸுக்கு என்ன வரும்னு ஆடிட்டர்கிட்ட விட்டுடுங்க.

சைட் விசிட் வெச்சா பிப்ரவரில ஒண்ணு, ஜூலை கடைசில ஒண்ணுன்னு ரெண்டு தடவ போங்க, ஜெனரேட்டர ஸ்டார்ட் பண்ணிக் காட்டச் சொல்லுங்க, லோடு இல்லாம இல்ல, முழு லோடுல.