பொட் வைக்க முதல் கொஞ்சம் பாருங்கோ: அலுவலகங்களில் அடிக்கடி நடக்கும் பிழைகள்

திருகோணமலையில் நாலைந்து பேர் வேலை செய்கிற சின்ன அலுவலகத்துக்கும் இப்போது பொட் (bot) ஆசை, அதாவது நாம் கணினியில் கையால் செய்கிற வேலையைத் தானாகச் செய்யும் நிரல் மீது ஆசை, வந்துவிட்டது. வரட்டும், நல்லதுதான். விண்டோஸ் 11 கணினியில் பவர் ஓட்டோமேட் என்ற பொட் எழுதுகிற மென்பொருள் கூடவே வருகிறது, எக்ஸெலில் இருப்பதை எடுத்து இணையப் படிவத்தில் நிரப்புவது, பில்லை மின்னஞ்சலில் அனுப்புவது மாதிரியான சலிப்பு வேலைகளை நன்றாகவே செய்யும். ஆனால் ஒரு லிகிதர் "இதென்ன, ஏதோ பிழை மாதிரிக் கிடக்கே" என்று கையை எடுக்கிற இடத்தில் பொட் நிற்காது. நில் என்று நாம் எழுதிவைத்தால்தான் நிற்கும். நான் பார்க்கும் பிழைகளில் முக்கால்வாசி அதை எழுதாமல் விட்டதால் வருபவை.

அதற்கு முதல், தேவையே இல்லாத வேலைக்குப் பொட் எழுதுகிற பிழை. சீனக்குடாவில் சீமெந்து ஏற்றிவந்து விற்கும் ஒரு விநியோகஸ்தரை எடுங்கள். ஒரே லொறியின் விவரம் களஞ்சியப் புத்தகத்தில், எக்ஸெலில், பிறகு கணக்கு மென்பொருளில் என்று மூன்று தடவை பதிவாகும். அந்த எக்ஸெலை யார் திறந்து பார்க்கிறார்கள்? யாரும் இல்லை என்றால் அதை நிறுத்துங்கள், தானியக்கம் வேண்டாம். மென்பொருளிலேயே கோப்பை ஏற்றுகிற வசதி இருந்தாலும் அப்படித்தான், ஐந்து நிமிட வேலைக்கு எதற்குப் பொட்?

சரி, பொட் தேவைதான் என்று வைப்போம். அதிகம் அடிவாங்குவது தரவில். எங்கள் புதிய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்கள் கொண்டது, எக்ஸெலின் சாதாரண வடிவத்தில் போட்டால் அது புள்ளியும் ஆங்கில எழுத்துமாகச் சுருங்கித் தெரியும், பொட் திரையில் தெரிவதை அப்படியே பிரதி எடுத்தால் அந்தக் குப்பைதான் படிவத்துக்குப் போகும். தொலைபேசி இலக்கத்தின் முன் பூச்சியமும் இப்படித்தான் காணாமல் போகிறது. இரண்டு நிரல்களையும் முதலிலேயே எழுத்து வடிவமாக மாற்றிவிடுங்கள். பழைய அட்டையில் ஒன்பது இலக்கமும் ஓர் எழுத்தும், புதியதில் 12 என்பதால், ஒரே ஆள் இரண்டு கோப்புகளில் இரண்டு விதமாக இருந்தால் பொட்டுக்கு அவர் இரண்டு ஆட்கள். பாமினி என்ற பழைய எழுத்துருவில் தட்டிய பெயர்களோ இன்னும் மோசம்: நமக்குத் தமிழாகத் தெரிவது உள்ளே வெறும் ஆங்கில எழுத்துகள்தான், யுனிகோட் கேட்கிற படிவத்தில் ஒட்டினால் வாசிக்கவே முடியாது.

திகதிதான் இவற்றில் எல்லாம் பெரிய கள்ளன். உப்புவெளியில் ஒரு விருந்தினர் விடுதியின் முன்பதிவுகளைப் பொட் ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றுகிறது என்று வையுங்கள். 07/08 என்பது நமக்கு ஓகஸ்ட் 7. கணினியின் பிராந்திய அமைப்பு அமெரிக்காவாக இருந்தால் ஜூலை 8. இரண்டுமே சீசன் நாட்கள் என்பதால் பார்க்கிறவருக்கும் சந்தேகம் வராது, விருந்தினர் பெட்டியோடு வந்து நிற்கும்போதுதான் தெரியும். 13ஆம் திகதியிலிருந்து வருபவை திகதியாகவே ஏற்கப்படாமல் மாட்டிக்கொள்ளும், முதல் 12 நாட்கள்தான் சத்தமில்லாமல் தப்பும். ஆகவே சோதிக்கும்போது 20, 25 என்று மட்டும் போட்டுப் பார்த்துவிட்டு நம்பாதீர்கள்.

வீதங்களைப் பொட்டின் உள்ளே எழுதிவைப்பது இன்னொரு பழக்கம். வற் வரி 2024 ஜனவரி 1இல் 15 சதவீதத்திலிருந்து 18 ஆனது. உள்ளே 15 என்று இருந்த பொட் எந்தப் புகாரும் இல்லாமல் 15இலேயே பில் அடித்துக்கொண்டிருக்கும். இப்படியானவற்றைத் தனி எக்ஸெல் தாளில், எந்தத் திகதியிலிருந்து என்பதோடு வையுங்கள். ஊழியர் சேமலாப நிதிக் கணக்குக்கும் இதே ஒழுங்குதான். விடுமுறையும் அப்படி, திங்கள் முதல் வெள்ளி வரை வேலை நாள் என்று எழுதினால் போயாவன்றும் பொட் வங்கிக் கோப்பைத் தயாரித்துக்கொண்டு நிற்கும்.

அப்புறம், எனக்கு உண்மையில் பயம் தருவது நடுவழியில் நிற்கும் பொட். கரண்ட் போகும், இணையம் அறுந்துபோகும், அதெல்லாம் இங்கே புதிதில்லை. பட்டியலின் பாதியில் நின்ற பொட்டை மறுபடி தொடக்கத்திலிருந்து ஓட்டினால், முதல் பாதி ஆட்களுக்கு ஒரே பில் இரண்டு தடவை போகும். பில் என்றால் சிரித்துச் சமாளிக்கலாம், கொடுப்பனவு என்றால்? ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் "தொடங்கியது", "முடிந்தது" என்று பொட்டே எழுதவேண்டும், மறுபடி ஓடும்போது முடிந்ததைத் தாண்டிப் போகவேண்டும். தொடங்கி முடியாமல் கிடப்பதைப் பொட் தொடவே கூடாது, ஒரு மனிதர் போய்ப் பார்த்துத் தீர்க்கட்டும். பிழை வந்தாலும் தொடர்ந்து ஓடு என்கிற தெரிவைப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போவது, பிரேக் இல்லாத முச்சக்கரவண்டியைக் கோணேசர் மலையிலிருந்து இறக்கிவிடுவது மாதிரி.

திரையில் இந்த இடத்தில் கிளிக் செய் என்று புள்ளி குறித்துக் கொடுக்காதீர்கள், புரொஜெக்டரை மாட்டினாலே எல்லாம் இடம் மாறிவிடும். பட்டனின் பெயரைப் பிடிக்கச் சொல்லுங்கள். ஐந்து வினாடி காத்திரு என்பதற்குப் பதிலாக, பக்கம் திறக்கும்வரை காத்திரு, இவ்வளவு நேரம் கடந்தால் நிறுத்திச் செய்தி அனுப்பு.

கடவுச்சொல். கணக்காளரின் கடவுச்சொல்லைப் பொட்டுக்குள் அப்படியே தட்டிவைத்தால், அவர் லீவில் இருந்த நாளிலும் எல்லாப் பதிவும் அவர் பெயரில் விழும், நாளைக்குக் கணக்காய்வில் பதில் சொல்லப்போவது அந்த மனிதர்தான். பொட்டுக்குத் தனிக் கணக்கு எடுங்கள், தேவையான அளவு அனுமதி மட்டும் கொடுங்கள். கொடுப்பனவைத் தயாரிக்கட்டும், அனுமதிப்பது ஆளாக இருக்கட்டும், இதில் விட்டுக்கொடுக்கவே வேண்டாம்.

கடைசியாக, பொட்டை எழுதின பிள்ளை கொழும்புக்கோ கட்டாருக்கோ போய்விடும். போவதற்கு முதல் ஒரு பக்கம் எழுதி வாங்குங்கள்: எந்தக் கோப்பிலிருந்து எடுக்கிறது, எங்கே போடுகிறது, எந்த நேரம் ஓடுகிறது, எப்படி நிறுத்துவது, அது ஓடாத நாளில் அதே வேலையைக் கையால் எப்படிச் செய்வது. எழுதி முடிந்ததும், அதை வைத்துக்கொண்டு இன்னொருவரைக் கையால் ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள். அந்தப் பிள்ளை பக்கத்து மேசையில் இருக்கும்போதே.